பிழையும் அளவையும்

கேட்டபோது வராமல், நேரம் காலம் பாராமல் நிகழும் ஒன்றின் காரணத்தை அறிந்துவிட்டதாக எப்போது சொல்லலாம்? இந்தப் பழைய மெய்யியல் கேள்வி இன்று கணினியின் வடிவில் வீட்டுக்குள் வந்திருக்கிறது. மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்த திருநகரில் ஒரு வீட்டிலோ டி.டி.பி. கடையிலோ இருக்கும் கணினி திங்கட்கிழமை இருமுறை ஹேங் ஆகிறது. அடுத்த பத்து நாள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு நீலத்திரை காட்டித் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் தெரிவதில்லை. "ராம் போயிருக்கும்" என்பது வழக்கமான முதல் தீர்ப்பு. அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சரியாக அமைந்த ஊகமும் அறிவும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வதே தமிழ் மெய்யியலில் அளவை எனப்படும் துறை.

அந்தத் துறைக்கும் மதுரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தமிழில் அளவையை விரிவாகப் பேசும் பழைய நூலான மணிமேகலையை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். அதன் இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, அறியும் வழிகளான பத்து அளவைகளை விளக்குகிறார். இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் காண்டல், கருதல் என்னும் இரண்டே போதும் என்று பௌத்த அளவையை உரைக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். திருநகருக்கு அருகேயுள்ள கீழக்குயில்குடிச் சமணமலையில் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் விட்டுச்சென்ற சமணருக்கும் தனி அளவை மரபு இருந்தது. இவர்கள் அளவைகளின் எண்ணிக்கையில் வேறுபட்டாலும், காரணம் தேடுபவன் எங்கெங்கே வழுக்கி விழுவான் என்பதில் பெரும்பாலும் உடன்பட்டார்கள்.

பிழை எங்கே இருக்கிறது

கணினியின் ராம் கோடிக்கணக்கான சிற்றறைகளால் ஆனது. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தது ஓர் அறை. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. அந்த மின்னேற்றம் தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வோர் அறையும் ஒருமுறை படிக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்படுகிறது. சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த இடைவெளி பாதியாகிறது. 8 ஜிபி ராமில் ஏறக்குறைய 6,872 கோடி அறைகள் உள்ளன. அவற்றில் ஒன்று மட்டும் சற்று விரைவாகக் கசிந்தால் போதும், பிழை பிறந்துவிடும்.

அந்த அறை கெட்டிருப்பது நிலையான செய்தி. அதன் விளைவு நிலையானதன்று. ஒருமுறை ஆன் செய்யும்போது அந்த இடத்தில் ஒரு படத்தின் புள்ளி அமரலாம். புள்ளியின் நிறம் மாறியதை யாரும் கவனிக்கமாட்டார்கள். மறுமுறை அங்கே கணக்கேட்டின் ஓர் எண் அமர்ந்தால் தொகை சத்தமில்லாமல் மாறிவிடும். இயங்குதளம் அடுத்துச் செல்ல வேண்டிய முகவரி அமர்ந்தால் கணினி அங்கேயே நின்றுவிடும். இப்படி ஒரே காரணம் பல விளைவுகளாகப் பிரிகிறது. மறுபக்கம், கணினி நின்றுபோவது என்னும் ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் வாய்க்கின்றன: தளர்ந்த எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), ஏறி இறங்கும் மின்னழுத்தம், தூசி அடைத்த மின்விசிறி, பழுதான டிரைவர் மென்பொருள், தேய்ந்த ஹார்டு டிஸ்க். ராமோடு தொடர்புள்ள பிழைகூட ராமில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது மதர்போர்டின் ஸ்லாட்டிலோ, பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டிலோ, ராமை அதன் தகுதிக்கு மீறிய வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பிலோ இருக்கலாம். பலவும் ஒன்றாகத் தோன்றி, ஒன்று பலவாகத் தோன்றும் இந்தப் பின்னலில்தான் ஐயம் பிறக்கிறது. இரண்டுக்கும் பொதுவான பண்பு தெரிந்து, வேறுபடுத்தும் பண்பு தெரியாத நிலையை ஐயத்தின் முதல் ஊற்று என்று நியாய சூத்திரமும் கூறுகிறது.

அறிவு போலத் தோன்றுபவை

மணிமேகலையின் அளவைவாதி, அறிவைப் போலத் தோன்றி அறிவாகாத எட்டைத் தொகுக்கிறார்: சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டு உணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. கணினியின் நோய் தேடுபவர் இவற்றில் பெரும்பாலானவற்றைக் கடந்தே வர வேண்டும்.

கணினி நின்றது என்று மட்டும் அறிவது சுட்டுணர்வு. எந்த நேரத்தில், எந்த வேலையில், என்ன பிழைச் செய்தியோடு நின்றது என்னும் வேறுபாடுகள் அதில் இல்லை. இப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். மின்னழுத்தம் விழுந்து அணைந்ததை ராம் பிழை என்று எண்ணுவது இவ்வகை. இதுவோ அதுவோ என்று நிற்பது ஐயம். ஆராயாமலே அது இதுதான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். இந்த இரண்டையும் தனித்தனியே எண்ணியது அந்த மரபின் நுட்பம். ஐயம் கொண்டவன் தனக்குத் தெரியாது என்பதையாவது அறிந்திருக்கிறான். தேராது தெளிந்தவனுக்கு அதுவும் இல்லை, தேடுவதையும் அவன் நிறுத்திவிடுகிறான். ஆகவே பழுது பார்ப்பதில் ஐயத்தைவிட அவசரத் தெளிவே கேடு தருவது.

கண் எதிரே இருப்பதை இன்னதென்று அறியாதது கண்டு உணராமை. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது ஒவ்வொருமுறையும் வேறுவேறு இடத்தில் சிதைவு ஏற்படுகிறது, சுருக்கிய கோப்பு பிரியாமல் பிழை காட்டுகிறது என்பவை கணினி நிற்பதற்குப் பல வாரம் முன்பே தெரிந்திருக்கலாம். அவை தனித்தனித் தொல்லைகளாகவே எண்ணப்பட்டிருக்கும். காரணம் கேளாமல் பிறர் சொல்லை ஏற்பது நினைப்பு. "இந்த மாடலில் எப்போதும் ராம்தான் போகும்" என்ற கேள்விச் செய்தி அதற்குச் சான்று. உரையளவையை ஏற்ற சைவ சித்தாந்தமும் எல்லார் உரையையும் ஏற்கவில்லை. குற்றமற்றவன் மொழியே அங்கு அளவையாகிறது.

உணர்ந்ததை உணர்தலைப் போலி என்று தள்ளியதில் மட்டும் ஒரு வரம்பு இட வேண்டியிருக்கிறது. என்றும் மாறாத பொருளைப் பற்றி அறிந்ததையே மீண்டும் அறிவது புது அறிவன்று. மீமாம்சகர் நினைவை அளவையாக ஏற்காததற்கும் இதுவே காரணம். சமணரான அகளங்கர் நினைவையும் அளவைகளுள் ஒன்றாகச் சேர்த்தார். விட்டுவிட்டு வரும் பிழையில் ஒரே சோதனையை மறுமுறை செய்வது அறிந்ததை அறிவதாகாது. பத்தாம் முறையின் விடை முதல் முறையின் விடையில் அடங்கியிருக்கவில்லை.

புகையும் நெருப்பும்

காணாத காரணத்தைக் கண்ட அடையாளத்தால் அறிவது கருதல். புகையால் நெருப்பை உணர்வது எல்லா மரபும் எடுக்கும் உதாரணம். புகை நெருப்புள்ள இடத்தில் மட்டுமே இருக்கும் என்பதால்தான் அந்தக் கருத்து நிலைபெறுகிறது. அறவண அடிகள் ஏதுப்போலிகளை எண்ணும்போது அநைகாந்திகம் என்னும் வகையைக் கூறுகிறார். நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது அது. கணினி திடீரென நிற்பது ராம் பிழைக்கு அநைகாந்திக ஏது. ராம் கெட்ட கணினியும் நிற்கும், கெடாத கணினியும் நிற்கும். நீலத்திரையும் அப்படியே. ஒவ்வொருமுறையும் வெவ்வேறு பிழைச் செய்தி வருவது சற்று வலுவான அடையாளம். மென்பொருள் பழுது பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கும், நினைவகப் பழுது பல இடங்களில் தடுக்கும். ஆனாலும் அது ஐயத்தைக் குறைக்குமேயன்றித் தீர்க்காது.

உண்மையான புகைக்கு நிகரான அடையாளம் ஒன்று உண்டு. இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து ஓடும் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரல், ஒவ்வோர் அறையிலும் குறித்த வடிவங்களை எழுதிப் படித்துப் பார்க்கிறது. எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று என்று அது காட்டினால் நினைவகப் பாதையில் எங்கோ பிழை உண்டு என்பது உறுதி. சுற்றுக்குச் சுற்று அதே முகவரியில் அதே பிட் தவறினால் சில்லில் ஓர் அறை கெட்டிருக்கிறது என்னும் கருத்து மிக வலுப்பெறுகிறது. முகவரிகள் சிதறி வந்தால் மின்சாரம், வேக அமைப்பு, ஸ்லாட் ஆகியவற்றின் பக்கம் ஐயம் திரும்பும்.

எஞ்சியதைக் கொள்ளுதல்

பத்து அளவைகளுள் மீட்சி என்பது ஒன்று. இராமன் வென்றான் என்றதும் இராவணன் தோற்றான் என்று அறிவது அதற்கு நூல் தரும் எடுத்துக்காட்டு. இரண்டில் ஒன்று நீங்கினால் மற்றது நிலைக்கும். சர்வீஸ் மேசையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இரண்டு ராம்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, பிறகு மாற்றிப் போடுவது, ஸ்லாட்டை மாற்றுவது, வேறு எஸ்எம்பிஎஸ் பொருத்திப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகிறார்கள்.

மீட்சி பயன்பட இரண்டு நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, போட்டியாளர் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும். போரில் மூன்றாமவன் ஒருவன் இருந்திருந்தால் இராமன் வெற்றி இராவணனைப் பற்றி மட்டும் பேசியிருக்காது. ராமையும் டிஸ்கையும் மட்டுமே எண்ணியவர் டிஸ்கை விலக்கிவிட்டு ராமைக் குற்றவாளி ஆக்கினால், எண்ணப்படாத எஸ்எம்பிஎஸ் தப்பிவிடுகிறது. இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ராமைக் கழற்றி அதன் பொன்னிறத் தொடுமுனைகளை எழுதும் ரப்பரால் தேய்த்து மீண்டும் செருகுவது கடைகளில் பரவலான கைவைத்தியம். கணினி சரியாகிவிட்டால் ரப்பருக்குப் பெருமை சேர்கிறது. ஆனால் அங்கே தேய்த்தல், கழற்றிச் செருகுதல், சிறிது நேரம் மின்சாரமின்றி வைத்தல் என்று பல செயல்கள் நடந்துவிட்டன. செருகியதிலேயே தளர்ந்த தொடுப்பு சரியாகியிருக்கலாம். ரப்பரின் பங்கை அறிய, தேய்க்காமல் கழற்றி மாட்டிய ஒரு சோதனையும் முன்னே நடந்திருக்க வேண்டும்.

இதைத்தான் தருக்க நூலார் உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் நிறுவுதல் என்றார்கள். ஐயத்துக்குரிய ராமை நல்ல கணினியில் செருகினால் பிழையும் உடன் வர வேண்டும். அந்த ராம் நீங்கிய பழைய கணினியில் பிழை ஒழிய வேண்டும். இரண்டும் சேர்ந்தாலே காரணம் பிடிபட்டது எனலாம். ஒன்று மட்டும் நிகழ்ந்தால் வழக்கு பாதியில் நிற்கிறது.

எந்த விடை வந்தால் எந்தக் கருத்தைக் கைவிடுவது என்பதையும் சோதனைக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். மதுரையில் சம்பந்தருக்கும் சமணருக்கும் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் அனல் வாதத்திலும் புனல் வாதத்திலும் இந்த ஒழுங்கு காணப்படுகிறது. தீயிலிட்ட ஏடு வேகாமல் இருப்பதும் ஆற்றிலிட்ட ஏடு வைகையை எதிர்த்துச் செல்வதும் வெற்றியின் அடையாளம் என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டன. ஏடு கரையேறிய இடமாகத் திருவேடகம் இன்றும் போற்றப்படுகிறது. அந்நிகழ்ச்சியை எப்படி நம்பினாலும், விடை வந்தபின் அளவுகோலை மாற்றக்கூடாது என்னும் விதி அதனுள் இருக்கிறது.

இன்மை சான்றாகும் நிலை

சோதனை நிரல் பிழை எதுவும் காட்டாமல் முடிந்தால் என்ன முடிவுக்கு வருவது? இந்தத் துறையின் மிகக் கடினமான இடம் இதுவே. சித்தியார் ஏதுவை இயல்பு, காரியம், அனுபலப்தி என மூன்றாக வகுக்கிறது. குளிர் இல்லாமையால் பனி இல்லை என்று அறிவது மூன்றாவது வகை. ஒன்றைக் காணாமை, அது இல்லை என்பதற்குச் சான்றாகலாம் என்று இந்த மரபு ஒப்புகிறது. ஆனால் எந்தக் காணாமையும் சான்றாகிவிடாது. பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலையில் காணாமை மட்டுமே இன்மையை நிறுவும் என்று 7ஆம் நூற்றாண்டுப் பௌத்த தருக்கர் தருமகீர்த்தி வரையறுத்தார். பகலில் மேசைமேல் பானையைக் காணாவிட்டால் பானை இல்லை. பேயைக் காணாவிட்டால் அதிலிருந்து எதுவும் பெற முடியாது, ஏனெனில் அது காணக்கூடிய பொருளாகச் சொல்லப்படவே இல்லை.

இந்த வரையறையைக் கணக்காகவும் சொல்லலாம். ஒரு கணினி சராசரியாகப் பத்து நாளுக்கு ஒருமுறை, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நின்றுபோகிறது என்று கொள்க. அதன் குறை அப்படியே இருந்தாலும் ஒருநாள் முழுதும் நிற்காமல் ஓட ஏறக்குறைய 90 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே பழுது பார்த்த மறுநாள் கணினி ஒழுங்காக ஓடியது என்பது ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. முப்பது நாள் நிற்காமல் ஓட வாய்ப்பு 5 சதவீதம்தான். அவ்வளவு காலம் அமைதியாக இருந்தால் குறை நீங்கியது என்று கொள்வதற்கு இடம் உண்டு. பழைய இடைவெளியைப்போல் மூன்று மடங்கு காத்திருந்த பிறகே அமைதி பேசத் தொடங்குகிறது.

சூழலும் ஒத்திருக்க வேண்டும். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் மதுரைச் சமவெளியில், மாடியறையில் பிற்பகல் நின்றுபோன கணினியைக் குளிரூட்டிய கடையில் இரவில் சோதித்துப் பெற்ற நல்ல விடை, பிற்பகலைப் பற்றிப் பேசவில்லை. வெப்பமே காரணம் என்று பாய்வதும் தவறு. கூகுள் நிறுவனத்தின் சேவைக் கணினிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, மற்ற காரணிகளைக் கழித்துப் பார்த்தால் ராம் பிழைகளில் வெப்பநிலையின் பங்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று கண்டது. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு கணினிகளும் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ராம் பலகைகளும் திருத்தக்கூடிய பிழையைச் சந்தித்தன என்பதும், ஒருமுறை பிழை காட்டிய பலகை மீண்டும் காட்டும் வாய்ப்பு மிகுதி என்பதும் அதன் முடிவுகள்.

தன்னை அளக்காத கருவி

நினைவகப் பிழைக்கு மற்ற பழுதுகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. பிழையைப் பதிவு செய்யும் குறிப்பேடும், பிழையைத் தேடும் நிரலும், அந்த நினைவகத்தின் வழியேதான் நடக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 தான் அமர்ந்திருக்கும் பகுதியைச் சோதிக்க முதலில் தன்னை வேறு பகுதிக்கு நகர்த்திக்கொள்கிறது. நகர்ந்த இடமும் அதே ராம்தான்.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஐந்தாம் சூத்திரத்தில் இதே அமைப்பை உயிரின் அறிவில் காட்டுகிறது. கண் முதலிய பொறிகள் பொருள்களை அளந்தறிகின்றன. ஆனால் அவை தம்மை அறியா, தம்மைச் செலுத்தும் உயிரையும் அறியா. உயிர் உடன்நின்று உணர்த்தவே அவை உணர்கின்றன. அவ்வாறே உயிரும் இறைவன் உணர்த்த உணர்கிறது. கருவி தன் தகுதிக்குத் தானே சான்று தர முடியாது என்பதே இவ்வாதத்தின் மையம். ஒப்புமை இந்த அளவோடு நிற்கிறது. சித்தாந்தத்தில் ராம் மாயையின் காரியமான சடம், அறியும் பொருளன்று. உயிரின் தொடர் இறைவனில் முடிகிறது. கணினியின் தொடர் அதைப் பார்க்கும் மனிதரிடம் முடிகிறது.

பொறியியல் கண்ட வழியும் வெளிச்சான்றே. 1950இல் ரிச்சர்ட் ஹாமிங் வெளியிட்ட திருத்தக் குறியீட்டின் வழிவந்த இசிசி நினைவகம், 64 பிட்டுக்குத் துணையாக 8 பிட்டுகளைச் சேர்த்து எழுதுகிறது. ஒரு பிட் தவறினால் திருத்தும், இரண்டு தவறினால் அறிவிக்கும், அதற்கு மேல் தவறினால் ஏமாறவும் கூடும். வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இந்தக் காவல் இல்லை.

காவலுக்குக் காவல் என்று போனால் முடிவில்லை. இங்கே மீமாம்சகரும் நியாயரும் நடத்திய வாதம் உதவுகிறது. குறை காட்டப்படும்வரை அறிவு தன்னளவிலேயே செல்லும் என்பது மீமாம்சகர் நிலை. அறிவின் தகுதியை அதன்வழிச் செயல் பலித்ததா என்று வெளியிலிருந்து நிறுவ வேண்டும் என்பது நியாயர் நிலை. நடைமுறை இரண்டையும் வரிசையாகக் கொள்கிறது. ஒழுங்காக ஓடும் கணினியை யாரும் ஐயுறுவதில்லை. ஆதாரமுள்ள ஐயம் ஒருமுறை எழுந்த பிறகு கணினியின் தகுதியை வெளியிலிருந்துதான் பெற வேண்டும். எல்லாவற்றையும் ஐயுறுபவருக்கு நியாயரான உதயணர் இட்ட எல்லையும் உண்டு: ஐயம், ஐயுறுபவனின் செயலோடு முரண்படும் இடத்தில் நின்றுவிடும். எந்தக் கணினியையும் நம்ப முடியாது என்பவரும் சோதனை நிரலை இன்னொரு கணினியில்தான் பென்டிரைவில் ஏற்றுகிறார்.

ஒரே ஒருமுறை நிகழ்ந்தது

கெட்ட அறை எதுவும் இல்லாமலும் பிட் புரளலாம். சில்லின் உறைப் பொருளிலிருந்து வரும் ஆல்பா துகள்கள் இதைச் செய்யும் என்று இன்டெல் ஆய்வாளர்கள் 1978இல் காட்டினர். விண்கதிர்களாலும் இது நேரும் என்பதை அடுத்த ஆண்டு ஐபிஎம் ஆய்வாளர் ஒருவர் சக ஆய்வாளருடன் கணித்துச் சொன்னார். கடல் மட்டத்தில் உள்ளங்கை அகலத்தில் விண்கதிர்களால் பிறக்கும் மியூவான் துகள்கள் நிமிடத்துக்குப் பல பத்து விழுகின்றன. மதுரையில் 2018இல் இயக்கத்துக்கு வந்த 85 டன் எடையுள்ள மினி-ஐகால் கருவி அவற்றைப் பதிவு செய்கிறது. பிட்டைப் புரட்டுவதில் மியூவான்களைவிட அதே விண்கதிர்ப் பொழிவில் பிறக்கும் நியூட்ரான்களுக்கே பங்கு அதிகம்.

பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் 2003ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. அந்த எண் இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரு பிட் மட்டும் சுழியிலிருந்து ஒன்றானால் வரும் வேறுபாடு அது. மறுமுறை சோதித்தபோது கருவியிலும் நிரலிலும் குறை காணப்படவில்லை. தற்செயலாகப் பிட் புரண்டது என்று முடிவாயிற்று. புரட்டிய துகளை யாரும் கண்டதில்லை. மற்றவை நீங்கியதால் இது எஞ்சியது. மீட்சி அளவையின் வலிமையும் வரம்பும் அந்த ஒரு வழக்கில் ஒன்றாகத் தெரிகின்றன: பிட் புரண்டது என்பதற்கு 4,096 நல்ல சான்று, எதனால் புரண்டது என்பதற்கு அது சான்றாகாது.

காரணம் பிடிபடாதது காரணமற்றது ஆகாது. இல்லாதது தோன்றாது என்னும் சற்காரியவாதத்தைக் கொண்ட சித்தாந்தம் காரணமற்ற காரியத்தை ஒப்புவதில்லை. எல்லாம் நியதிப்படி நடக்கும் என்ற ஆசீவகரிடம் போனால் தேடலே தேவையற்றதாகிவிடும். பழுது பார்ப்பவர் இவ்விரண்டுக்கும் நடுவே மூன்று தீர்ப்புகளை வைத்துக்கொள்ளலாம். பிழை ராமைப் பின்தொடர்ந்தும், ராம் நீங்க ஒழிந்தும் இருந்தால் காரணம் அறியப்பட்டது. சோதனை பிழையின்றி முடிந்து, அதே ராமோடு பழைய இடைவெளியின் மும்மடங்கு காலம் பழைய சூழலிலேயே அமைதியாகக் கழிந்தால் ராம் விலக்கப்பட்டது. ஒருமுறை நிகழ்ந்து மீளாதது ஐயமாகவே பதிவாக வேண்டும். மூன்றாவதில் செயலுக்குத் தடை இல்லை. கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் எடுப்பதற்கும், முக்கியமான கணக்கை இன்னொரு கணினியில் சரிபார்ப்பதற்கும், மலிவான ராமை மாற்றிப் பார்ப்பதற்கும் ஐயமே போதுமான காரணம். மாற்றியபின் கணினி ஓடினாலும் கழற்றிய ராமை நல்ல கணினியில் சோதிக்கும்வரை அது குற்றவாளி என்று எழுதக்கூடாது.